கித்துல்கலையில் குவாய் பாலம் தேடிப் போகிறவர்களுக்கு

கேட்கப்பட்டது இதுதான்: "லண்டனிலிருந்து பெரியப்பா வருகிறார், வெள்ளவத்தையில் எங்களோடு இரண்டு கிழமை நிற்பார். குவாய் ஆற்றுப் பாலம் இலங்கையில்தான் இருக்கிறதாம், அதைப் பார்க்காமல் திரும்பமாட்டாராம். உண்மையிலேயே இருக்கிறதா? ஒரே நாளில் போய் வரலாமா? பார்க்க என்ன உண்டு?"

சுருக்கமாகச் சொன்னால், பாலம் இல்லை, இடம் இருக்கிறது, ஒரே நாளில் போய் வரலாம். விரிவாகச் சொல்வதைப் பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அவர் எந்தப் பாலத்தைத் தேடி வருகிறார் என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். படத்துக்காக நம் நாட்டில் கட்டி நம் நாட்டிலேயே வெடிவைத்துத் தகர்த்த பாலம் ஒன்று, தாய்லாந்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிற பாலம் ஒன்று, ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் தலைக்குள் மட்டும் இருந்த பாலம் இன்னொன்று. உலகம் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு அறுபது வருடத்துக்கு மேலாகிறது, பெரியப்பா மட்டும் என்ன செய்வார்.

முதலில் கித்துல்கலை. பெரியப்பாவின் மனசில் இருப்பது டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' (The Bridge on the River Kwai) என்ற படம். கதை நடப்பது இரண்டாம் உலக யுத்தகாலச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஆனால் காட்டையும் ஆற்றையும் பாலத்தையும் எடுத்தது நம் களனி கங்கைக் கரையில். கொழும்பிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். தூரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், வழியில் நெரிசலும் வளைவும் இருப்பதால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு வந்து ஹைலெவல் வீதியைப் பிடித்தால் மகரகம, ஹோமாகம தாண்டி அவிசாவளை வரை நேரே விடும், அங்கிருந்து ஹட்டன் வீதி, கரவனல்லை, யட்டியாந்தோட்டை, அப்புறம் கித்துல்கலை. விடிய ஐந்தரைக்கு முன் வெளிக்கிட்டால் மகரகம நெரிசலில் மாட்டாமல் தப்பலாம், ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் அவிசாவளை வருவதற்குள்ளேயே பெரியப்பாவுக்கு அலுத்துவிடும். வான் பிடிக்க வசதியில்லை என்றால் புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் ஏறி, கித்துல்கலையில் இறக்கிவிடும்படி நடத்துனரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் கண்டி வழியாக ஹட்டன் போகும் பஸ் என்றால் இந்தப் பக்கமே வராது, அவிசாவளை வழி என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு ஏறுங்கள்.

பிரதான வீதியோரம் பாலத்தின் பெயர் எழுதிய பலகை ஒன்று நிற்கும். அதிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதை கால்மணி நேர நடைக்கு மேல் போகாது, ஆனால் மழை பெய்த மறுநாள் வழுக்கும், தோல் செருப்போடு வருகிறவர்கள் கையைக் கோத்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். வழியில் யாராவது ஒரு இளைஞர் தானாகவே முன்னால் நடக்கத் தொடங்குவார். அவரை விரட்டவேண்டாம், ஏதோ கொஞ்சம் காசு கொடுக்க வேண்டிவரும், ஆனால் அவர் இல்லாவிட்டால் நீங்கள் பாலம் நின்ற இடத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் திரும்பிவிடுவீர்கள். ஏனென்றால் அங்கே மிஞ்சியிருப்பது கரையில் கிடக்கும் சீமெந்து அடித்தளங்கள் மட்டும்தான், பாசி ஏறி, ஓரங்கள் உடைந்து, பக்கத்துப் பாறைகளோடு பாறையாகக் கிடக்கின்றன. மேலே நிமிர்ந்து பார்த்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு ரயில் போகிற உயரத்தில் மரப்பாலம் ஒன்றை மனசுக்குள் கட்டிப் பார்க்கவேண்டும். அது முடிந்தால் அந்த இடம் சுவாரசியம். முடியாதவர்களுக்கு இது காட்டு ஆறு, அவ்வளவுதான், அதுவும் மோசமில்லை. ரயில் பெட்டிகள் இன்னும் ஆற்றின் அடியில் கிடக்கின்றன என்றும் வழிகாட்டி சொல்வார், நம்புவது உங்கள் விருப்பம்.

படத்தை அவர் பார்த்திருப்பார், ஆனால் எடுத்த கதை தெரிந்திருக்காது, கரையில் நின்று சொல்ல நல்ல கதை அது. கித்துல்கலைக்கு அன்றும் ரயில் பாதை இல்லை, இன்றும் இல்லை. படத்துக்காகவே பாலத்தையும் அதன்மேல் தண்டவாளத்தையும் போட்டு, நம் புகையிரதத் திணைக்களம் கழித்துவிட்ட பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரம் இழுத்தது நம் ஊர் யானைகள். 1957 மார்ச் 10ஆம் திகதி வெடிவைக்க நாள் குறித்து, பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவையும் பரிவாரத்தையும் பார்க்க அழைத்திருந்தார்கள். எல்லாக் கமராக்காரர்களும் பத்திரமாக ஒதுங்கிவிட்டோம் என்று சைகை காட்டிய பிறகுதான் வெடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரால் நேரத்துக்கு விலகமுடியாமல் போக, லீன் வெடியை நிறுத்திவிட்டார், ஆனால் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அது ஆளில்லாமல் பாலத்தைக் கடந்து அக்கரையில் நின்ற ஜெனரேட்டரில் போய் மோதியது. இரவோடிரவாக எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தி, மறுநாள் காலை மறுபடி ஓடவிட்டு வெடித்தார்கள், பிரதமரும் அதைப் பார்த்தார். அதே வருடம் ஜூலையில் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டு அடுத்த வருடமே அதைக் கிழித்தவரும் இவர்தான், அது வேறு பாலம், விடுவோம்.

அந்தப் படத்துக்கு ஏழு ஒஸ்கார் கிடைத்தது. அதில் திரைக்கதைக்கான விருது, படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூலுக்குப் போனது, அவரோ அந்தத் திரைக்கதையில் ஒரு வரியும் எழுதவில்லை. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் என்ற இருவர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை ஹொலிவூட் ஒதுக்கிவைத்திருந்த காலம் என்பதால் அவர்கள் பெயரைத் திரையில் போடமுடியவில்லை. 1984இல்தான் விருது அவர்கள் பெயருக்கு வந்தது, அதைக் கையில் வாங்க இருவருமே உயிரோடில்லை.

ஆற்றில் இறங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. கித்துல்கலையில் ராஃப்டிங் போகிறவர்கள் ஏராளம், லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தந்து கூட்டிப்போவார்கள், இளசுகளை அனுப்பலாம். ஆனால் நீங்களாகவே இடம் பார்த்துக் குளிக்க இறங்காதீர்கள். மேலே மின்நிலையங்கள் இருக்கின்றன, அவை தண்ணீரைத் திறந்துவிடும்போது வெயில் காயும் நாளிலும் ஆறு சட்டென்று ஏறும். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் அங்கே மூழ்கிப்போன செய்தி வராத வருடமே குறைவு. அட்டைக்கும் ஆயத்தமாகப் போங்கள், கணுக்காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு நீளக் காலுறை போட்டால் போதும். தென்மேற்குப் பருவ மழை காலத்தில், அதாவது மே தொடக்கம் செப்டம்பர் வரை, அந்தப் பக்கம் போவது வீண், நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்குள்ள பழைய ரெஸ்ட் ஹவுஸுக்குப் போங்கள், சோறும் கறியும் சாதாரணம்தான், ஆனால் சுவரில் படப்பிடிப்புக் காலத்துப் படங்கள் தொங்குகின்றன, ஆறும் கீழே தெரியும். கரையில் நின்று கற்பனை பண்ணிய பாலத்தை அங்கே புகைப்படத்தில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆறு முதலில், சாப்பாடு பிறகு என்று சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு முழங்கால் சரியில்லையா? அப்படியென்றால் கித்துல்கலையை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் கரையோர ரயிலில் ஏறிக் கல்கிசையில் இறங்குங்கள், நடுவில் தெஹிவளை மட்டும்தான். அந்தப் படத்தில் முகாமிலிருந்து தப்பிவந்த அமெரிக்கன், தாதி ஒருத்தியோடு கடற்கரையில் உல்லாசமாக இருக்கிற ஆஸ்பத்திரிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அது மவுண்ட் லவீனியா ஹோட்டல். அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே படத்துக்குள் இருந்துவிட்டு வரலாம், தேத்தண்ணியின் விலை மட்டும் படத்தை விடப் பிரமாண்டமாக இருக்கும். கண்டிப் பயணம் வைத்திருந்தால் பேராதனைப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படத்தில் பிரித்தானியர் தாக்குதலுக்குத் திட்டம் போடும் இராணுவத் தலைமையகம் அது.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கித்துல்கலையில் இலங்கை சயாமாக நடிக்கிறது, கல்கிசையிலும் பேராதனையிலும் இலங்கை இலங்கையாகவே நடிக்கிறது, கதையிலேயே அந்தக் காட்சிகள் நடப்பது இலங்கையில்தான். அதுவும் வெறும் கற்பனையில்லை. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றியபோது அலுவலகங்கள் அமைந்தது அந்தப் பேராதனைப் பூங்காவில்தான். அப்படிப் பார்த்தால் பெரியப்பா பார்க்கக்கூடிய இடங்களில் சரித்திரத்துக்கு மிகக் கிட்ட நிற்பது பாலமில்லை, பூங்கா.

சரி, உண்மையான பாலம். பியேர் பூல் நாவலை 1952இல் எழுதினார். யுத்தத்துக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர், யுத்தத்தில் இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்து தப்பியவர், ஆனால் ஜப்பானியர் யுத்தக் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் ரயில் பாதையில் கைதியாக இருந்தவரில்லை. அந்தப் பாதை நெடுந்தூரத்துக்குக் குவாய் ஆற்றை ஒட்டிப் போகிறது என்று தெரிந்துவைத்திருந்தார், ஆகவே பெரிய பாலமும் குவாய்மேல்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். உண்மையில் கஞ்சனபுரியில் அந்தப் பாலம் கடப்பது மேகுலோங் ஆற்றை. படம் ஓடிப் புகழ்பெற்ற பிறகு உலகம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் வந்து குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். தாய்லாந்துக்காரர் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1960இல் ஆற்றின் அந்தப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். கதையில் வந்த பிழைக்காகப் பூகோளம் இடம்விட்டுக் கொடுத்த சம்பவம் வேறெங்கும் இவ்வளவு சுத்தமாக நடந்ததாக எனக்குத் தெரியாது. வியாபாரம் என்று வந்தால் ஆறு என்ன, மலை என்ன.

நிஜத்தில் அது மரப்பாலமும் இல்லை. முதலில் மரத்தில் ஒன்று கட்டினார்கள், அப்புறம் பக்கத்திலேயே ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்புச் சட்டங்களை வைத்து நிரந்தரப் பாலம் எழுந்தது. யுத்தம் முடியும் தறுவாயில் நேசநாட்டு விமானங்கள் குண்டுபோட்டு அதன் சில பகுதிகளை உடைத்தன, பிறகு செப்பனிட்டார்கள். இன்றைக்குப் போனால் வளைந்த சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் நேர்க்கோட்டு வடிவில் இருக்கும், அவைதான் பிறகு போட்டவை. படத்தில் வருகிற கேணல், எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுப்பதையே பெருமையாக நினைக்கிறவர். நிஜத்தில் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி தன் ஆட்களின் உயிரைக் காக்கப் பாடுபட்டவர், மறைவாக நாசவேலையும் நடந்தது, மரத்துக்குள் கறையான் விட்டார்கள், கொங்கிரீட்டை ஒழுங்காகக் கலக்காமல் விட்டார்கள். அங்கிருந்து மீண்டவர்கள் பலருக்கு அந்தப் படம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. நாவலில் பாலம் தகர்வதே இல்லை என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள், தகர்த்தது சினிமா.

இனிச் சொல்லப்போவதைப் பயண வழிகாட்டிப் புத்தகங்களில் தேடாதீர்கள். அந்தப் பாதை தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை. நேசநாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்ததில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும், படமும் இதைப் பற்றித்தான். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு இலட்சம் பேர் என்றும் அவர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்றும் மதிப்பிடுகிறார்கள், அவர்களில் ஒரு பெரிய பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள். மலேசியத் தமிழர் இதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்வார்கள். கூலி, சாப்பாடு, கொஞ்ச நாள் வேலை என்று ஆசைகாட்டிச் சேர்த்தது ஒரு பக்கம், பிடித்துக்கொண்டு போனது மறுபக்கம். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்து, மண்டபம் நிறைந்ததும் கதவைப் பூட்டி ஆட்களை அப்படியே ரயிலேற்றியதாக, அங்கே கைதியாக இருந்த பிரித்தானிய மருத்துவர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகளும் வைத்தியர்களும் கூடவே இருந்தார்கள், மருந்தில்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட ஒரு ஆள் இருந்தார். குடும்பத்தோடும் வந்து சேர்ந்த நம் சனத்துக்கு அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் கொலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தது அவர்கள்தான்.

படத்தின் கதையில் தமிழ்ப் பாத்திரம் ஒன்றும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய கதை, தமிழர் பால்வெட்டும் தோட்டங்கள் நிறைந்த யட்டியாந்தோட்டையைத் தாண்டிப் போய்ப் படமாக்கப்பட்டது, இரண்டிலும் நாம் இல்லை. பஸ்ஸில் போகும்போது வீதியின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரும், அப்போது இதைச் சொல்லலாம், கரையில் நின்று சொன்னால் ஆற்றைப் பார்ப்பாரா உங்களைக் கேட்பாரா.

பெரியப்பாவின் வேர் யாழ்ப்பாணம் என்றால் இன்னொரு நூலும் இருக்கக்கூடும், வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மலாயா ரயில்வேயில் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர்கள் தீபகற்பத்தில் எத்தனை குடும்பங்களில் இருந்தார்கள்! சயாம் பாதைக்குத் தண்டவாளம் போதாமல் ஜப்பானியர் பெயர்த்தெடுத்தது மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையை. நம்மவர் கணக்கெழுதிக் கொடிகாட்டிய பாதையின் இரும்பு அது.

கஞ்சனபுரிக்கே போகவேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தால் அதுவும் பெரிய காரியமில்லை, கொழும்பிலிருந்து பாங்கொக்குக்கு நேர் விமானம் உண்டு, மூன்றரை மணி நேரம் அளவில் எடுக்கும். கஞ்சனபுரி ரயில் பாங்கொக்கின் பெரிய நிலையத்திலிருந்து இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து புறப்படும். நாளைக்கு இரண்டு தடவைதான், காலை ரயிலைப் பிடியுங்கள். அது பாலத்தைக் கடந்து நாம்தோக் வரை போகும், மலைச்சுவரை ஒட்டி மரத்தூண்கள்மேல் ஊர்ந்து போகிற பகுதி ஒன்று வழியில் வரும், போகும்போது இடப்பக்க யன்னலில் இருந்தால் கீழே ஆறு தெரியும். பாலத்தில் நடக்கலாம், ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் சிறு மேடைகள் உண்டு. பாலத்தடியில் தொப்பியும் டீசேர்ட்டும் விற்கிற சந்தடியில் அதிக நேரம் கழிக்கவேண்டாம். நகருக்குள் யுத்தக் கல்லறையும் அதன் பக்கத்தில் ரயில் பாதை பற்றிய நல்ல அருங்காட்சியகமும் இருக்கின்றன, எனக்கு நேரம் குறைவு, ஒன்றுதான் பார்க்கமுடியும் என்று யாராவது கேட்டால் அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன்.

கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குப் பெயர் எழுதிய கல் இருக்கிறது, புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள், அங்கே தமிழ்ப் பெயர் தேடவேண்டாம். அதற்கு வாட் தாவோர்ன் வராராம் என்ற விகாரைக்குப் போகவேண்டும். தோண்டியெடுத்த ஆசியத் தொழிலாளரின் எலும்புகளை ஒன்றாக அடக்கம்செய்த இடம் அங்கே இருக்கிறது, 2023இல் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். நகருக்குள்ளேயே உள்ள இடம்தான், ஓட்டோக்காரரிடம் விகாரையின் பெயரைத் தாய் எழுத்தில் போனில் காட்டுங்கள், பாலம் என்று மட்டும் சொன்னால் நேரே தொப்பிக் கடைக்குத்தான் கொண்டுபோய் விடுவார்.